எச்ஓ அளவில் ஆல்கோ டபிள்யூடிஎம்2: "இது எந்த வருஷத்து எஞ்சின்?"

மலைக்கோட்டை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒன்பது மாதமாக ராத்திரியில் உட்கார்ந்து செய்த டபிள்யூடிஎம்2 மாடல் போன ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. அமெரிக்க ஆல்கோ கம்பெனி வடிவமைத்த நம் ரயில்வேயின் டீசல் எஞ்சின் இது; எச்ஓ என்பதால் அசலில் 87-இல் ஒரு பங்கு. உடல் 3டி பிரிண்ட் செய்த ரெசின். அடிச்சட்டமும் மோட்டாரும் கைமாறி வந்த ஒரு அமெரிக்க ஆர்எஸ்டி12 மாடலிலிருந்து எடுத்தவை. அதுவும் ஆல்கோ, ஆறு அச்சு, ட்ரைமவுண்ட் போகி (மூன்று அச்சைத் தாங்கும் சக்கரச் சட்டம்) என்பதால் பொருந்தும் என்று நம்பி வாங்கினேன். பெயின்ட் அடித்து, எண் ஒட்டி, ஓட்டியும் பார்த்துவிட்டேன். நன்றாகவே ஓடுகிறது.

என் அப்பா பொன்மலை டீசல் ஷெட்டில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். மேஜையில் வைத்துக் காட்டினேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பக்கவாட்டில் ஒரு தரம், முன்னாலிருந்து ஒரு தரம் பார்த்தார். "நல்லா இருக்குப்பா. இது எந்த வருஷத்து எஞ்சின்?" என்றார். டபிள்யூடிஎம்2 என்றேன். "அது தெரியுது. வருஷம் எது?" என்னிடம் பதில் இல்லை. முன்பக்கக் குறுக்குச் சட்டமான பஃபர் பீமில் விரலை வைத்துச் சொன்னார்: "வாய் ஒரு காலத்துல இருக்கு, கண்ணு ஒரு காலத்துல இருக்கு."

அதிலிருந்து அதைப் பார்க்கும்போதெல்லாம் உறுத்துகிறது. வண்டி கொஞ்சம் தூக்கி நிற்கிற மாதிரியும் தெரிகிறது. ஆறு படம் இணைத்திருக்கிறேன். எதையும் மறைக்காமல் சொல்லுங்கள், பிரித்து மறுபடி செய்யத் தயாராக இருக்கிறேன்.

கரிப்புகை எழுதியது:

தம்பி, ஒன்பது மாத உழைப்பு படத்திலேயே தெரிகிறது. எஞ்சினை மூடும் நீளமான பகுதியான லாங் ஹூட்டின் கதவு வரிசை சுத்தமாக வந்திருக்கிறது. மற்றதைப் பேசுவதற்கு முன்னால் மூன்று அளவு வேண்டும். தண்டவாளத்தின் மேல் மட்டத்திலிருந்து பஃபரின் நடு வரை எவ்வளவு? கூரை உச்சி வரை எவ்வளவு? பஃபர் பீமிலிருந்து பஃபர் பீம் வரை நீளம் எவ்வளவு? ஸ்கேல் வேண்டாம், வெர்னியரில் அளந்து சொல்லுங்கள்.

மலைக்கோட்டை எழுதியது:

நீளம் 182. பஃபர் நடு 14.3. கூரை 49.8. எல்லாம் மி.மீ.

கரிப்புகை எழுதியது:

சரி, அப்படியானால் உங்கள் பிரிண்டில் குறை இல்லை. அசலின் நீளம் 15,862 மி.மீ. அதை 87.1-ஆல் வகுத்தால் 182.1. அச்சாக இருக்கிறது.

உயரத்தில்தான் கோளாறு. அசலின் உயரம் 4,185, எச்ஓவில் 48.05. நம் அகலப்பாதையில் பஃபர் நடு அதிகபட்சம் 1,105 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும், அதாவது 12.7. நீங்கள் கூரையில் 1.75, பஃபரில் 1.6 கூடுதலாக நிற்கிறீர்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு என்பதால் உடல் முழுவதுமே மேலே உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அசலில் 15 சென்டிமீட்டர் தூக்கியதற்குச் சமம். ஒரு படிக்கட்டு உயரம். கண்ணுக்கு உறுத்தாமல் என்ன செய்யும்?

காரணம் அநேகமாக இதுதான். ஆர்எஸ்டி12 அடிச்சட்டத்தில் போகிக்கு மேல் கியர் பெட்டி நிமிர்ந்து நிற்கும். உங்கள் உடலின் உள்கூரை அதில் போய் முட்டுகிறது. பார்க்க ஒரு வழி சொல்கிறேன். பிள்ளைகள் விளையாடும் களிமண்ணில் மிளகளவு உருட்டி ஒவ்வொரு கியர் பெட்டியின் மேலும், மோட்டாரின் மேலும் வையுங்கள். உடலை மாட்டி அழுத்திவிட்டு மெதுவாகக் கழற்றுங்கள். களிமண் எங்கே காகிதமாக நசுங்கியிருக்கிறதோ அங்கேதான் முட்டுகிறது. அந்த இடத்தில் உள்கூரையை ரெசின் 0.8 வரும் வரை சுரண்டுங்கள். அதற்கும் கீழே போனால் வெயில் நாளில் கூரை நெளியும்.

அது போதாவிட்டால் போகி உட்காரும் மேடையை அரத்தால் ராவ வேண்டும். முன்னும் பின்னும் ஒரே அளவு ராவுங்கள். 0.2 வித்தியாசம் இருந்தாலும் வண்டி மூக்கைக் குத்தி நிற்கும்.

இன்னொன்று, சக்கரம். அமெரிக்க ஆர்எஸ்டிக்கு 40 அங்குலம், அதாவது 1,016 மி.மீ. நம் டபிள்யூடிஎம்2-க்குப் புதிதாக இருக்கும்போது 1,092. எச்ஓவில் 11.7-க்கும் 12.5-க்கும் உள்ள வித்தியாசம். மாற்றினால் வண்டி 0.4 உயரும், அந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் ராவ வேண்டும். மாற்றித்தான் ஆக வேண்டுமா என்றால், என் கருத்து வேண்டாம். ஓடித் தேய்ந்து, லேத்தில் கடைந்த சக்கரம் அசலிலும் சிறுத்துத்தான் போகும். மாடலில் சக்கர விளிம்பு வேறு தடிமனாக இருப்பதால், சிறிய சக்கரம் போகிச் சட்டத்துக்குள் அடக்கமாகத் தெரியும்.

ஈரோடு சந்திப்பு எழுதியது:

உங்கள் அப்பா சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை வைத்து ஒரு வகுப்பே நடத்தலாம். வாய் என்றது பிரேக் ஹோஸ்களை (ரப்பர் குழாய்களை), கண் என்றது ஹெட்லைட்டை.

படம் 3-ல் உங்கள் பஃபர் பீமில் தடித்த வாக்குவம் (வெற்றிட) ஹோஸ் ஒன்று மட்டும் தொங்குகிறது. அப்படியென்றால் வண்டி வாக்குவம் பிரேக் மட்டும் உள்ள பழைய காலத்தில் நிற்கிறது. மேலே இருப்பதோ பக்கத்தில் பக்கமாக இரண்டு பல்பு கொண்ட ட்வின் பீம். பழைய வண்டிகளுக்கு ஒற்றைப் பெரிய வட்ட விளக்குதான், ட்வின் பீம் பிற்பாடு வந்தது. அது வந்த காலத்தில் ஏர் பிரேக்கும் வந்துவிட்டது. வாக்குவம், ஏர் பிரேக் இரண்டும் இருக்கும் வண்டிக்கு 2ஏ என்று பெயர், ஏர் பிரேக் மட்டும் வைத்தே கட்டியதற்கு 2பி. 2ஏ-வின் பஃபர் பீமில் வாக்குவம் ஹோஸ் ஒன்றும், அதைவிட மெலிந்த ஏர் ஹோஸ்களும் சேர்ந்து தொங்கும். பிரேக் பைப்பின் காக்குக்கு (திறந்து மூடும் திருகுக்கு) பச்சை, ஃபீட் பைப்புக்கு வெள்ளை. எச்ஓவில் அது கடுகளவு புள்ளிதான், ஆனால் தெரிந்தவன் கண் முதலில் அங்கேதான் போகும். உங்கள் அப்பாவின் விரல் போன மாதிரி.

எண்ணும் ஒத்துவரவில்லை. நீங்கள் ஒட்டியிருப்பது 17800-ஐ ஒட்டிய எண். அந்த வட்டாரத்து எண்களில் ஜம்போ என்று நாம் சொல்லும் வண்டிகள் உண்டு. கேபினுக்கு மறுபக்கமுள்ள குட்டைப் பகுதியான ஷார்ட் ஹூட் வண்டியின் முழு அகலத்துக்கும் பரந்து, கண்ணாடி பெரிதாக இருக்கும். உங்கள் பிரிண்டில் ஷார்ட் ஹூட் சாதாரண ஒடுக்கமானது. அந்த வரிசையில் எல்லாமே ஜம்போ இல்லை, அதனால் உங்களுடையது தவறு என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த எண்ணுள்ள வண்டியின் படத்தைப் பார்க்காமல் எண்ணை ஒட்டியிருந்தால், எண்ணை எடுத்துவிடுங்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். டபிள்யூடிஎம்2 என்று ஒரு எஞ்சின் கிடையாது. ஆல்கோ 1962-ல் கொடுத்த முதல் வண்டி 18040. வாரணாசியில் 1964-ல் பூட்டிய முதல் வண்டி 18233. அதன் பிறகு வந்தவை ஆயிரக்கணக்கில். ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஷெட்டுக்குப் போய், ஒவ்வொரு பிஓஎச்சிலும் (காலமுறைப் பெரிய பழுதுபார்ப்பிலும்) ஏதாவது ஒன்று மாறித் திரும்பி வந்தது. ஒரு ஷெட்டில், முன்னால் மாட்டைத் தள்ளிவிடும் தடுப்பான ‘கேட்டில் கார்டை’க் கம்பியாகப் போட்டார்கள், இன்னொரு ஷெட்டில் தகடாகப் போட்டார்கள். கூரையில் டைனமிக் பிரேக் பெட்டி சிலதுக்கு உண்டு, சிலதுக்கு இல்லை. சில வண்டிகளை 3100 குதிரைத்திறனுக்கு மாற்றி டபிள்யூடிஎம்3ஏ என்று எழுதினார்கள். உடல் அதே உடல். ஆகவே ஒரு எண்ணை எடுங்கள், ஒரு வருஷத்தை எடுங்கள், முடிந்தால் ஒரே ஒரு போட்டோவை எடுங்கள். அந்தப் போட்டோவில் இருப்பதை மட்டும் செய்யுங்கள். வண்டியின் மறுபக்கத்துக்கு மட்டும் அதே காலத்துப் பிற படங்களைப் பாருங்கள்.

மலைக்கோட்டை எழுதியது:

ஈரோடு அண்ணே, எண்ணைப் படம் பார்க்காமல்தான் ஒட்டினேன். நெட்டில் ஏதோ பட்டியலில் பார்த்து, பார்க்க அழகாக இருந்தது என்று எடுத்தது. இன்று ராத்திரியே சுரண்டிவிடுகிறேன்.

அப்பாவிடம் ஒரு போட்டோ இருக்கிறது. ஷெட்டில் நாலைந்து பேரோடு ஒரு வண்டியின் முன்னால் நிற்கிறார். பின்னால் 17 ஆயிரத்துச் சொச்சம் எண், கடைசி இரண்டு இலக்கத்தை யாரோ ஒருவர் தோள் மறைக்கிறது. போட்டோவுக்குப் பின்பக்கம் 1993 என்று அம்மா எழுதியிருக்கிறார். அதை எடுத்துக்கொள்ளலாமா?

ஈரோடு சந்திப்பு எழுதியது:

அதைவிட நல்ல ஆதாரம் இந்த உலகத்தில் வேறு யாருக்குக் கிடைக்கும்? எடுத்துக்கொள்ளுங்கள். மறைந்த இரண்டு இலக்கத்தை அப்பாவிடமே கேளுங்கள்.

அகலப்பாதை எழுதியது:

எல்லாம் சரி, பெரிய விஷயத்தை யாரும் தொடவில்லையே. நம் பாதை 1,676 மி.மீ. எச்ஓவில் 19.24. நீங்கள் எல்லோரும் 16.5 பாதையில் ஓட்டுகிறீர்கள். அது அமெரிக்காக்காரனின் 1,435-க்குச் சரி. நம் வண்டிக்கு அது ஒடுங்கின பாதை. முன்னாலிருந்து பார்த்தால் அகலமான உடம்புக்குக் கீழே குச்சிக்கால். ஹோஸ் காக்கின் நிறத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள், பாதையில் 2.7 மி.மீ. குறைவதைப் பேசாமல் இருப்பது எனக்குப் புரியவில்லை.

நான் 19.2-இல் கட்டுகிறேன். அச்சை வெட்டி நடுவில் பித்தளைக் குழாய் போட்டு நீட்டினேன். கியர் பெட்டிக்குள் அச்சு ஆடாமல் இருக்க இரண்டு பக்கமும் வாஷர். ஒரு போகிக்கு ஒரு வாரம். தண்டவாளம் முழுக்கக் கையால் போட்டது, ஒரு பாயின்ட்டுக்கு (பாதை பிரியும் இடத்துக்கு) பதினைந்து நாள் ஆயிற்று. மூன்று வருஷத்தில் என்னிடம் இருப்பது ஒன்பது அடிப் பாதை, மூன்று பாயின்ட், ஒரு எஞ்சின். ஆனால் அந்த எஞ்சின் முன்னாலிருந்து பார்த்தால் நம் ஊர் எஞ்சின்.

கரிப்புகை எழுதியது:

அகலப்பாதை சார், உங்கள் வேலையைப் படத்தில் பார்த்திருக்கிறேன், அதன் மேல் எனக்குப் பெரிய மரியாதை. ஆனால் இந்தத் தம்பியிடம் 16.5 பாதை வீடு நிறைய இருக்கிறது, வண்டியும் ஓடுகிறது. அதைப் பிடுங்கிப் போடு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. முன்னாலிருந்து பார்க்கிற நேரத்தைவிடப் பக்கத்திலிருந்து பார்க்கிற நேரம்தான் அதிகம்.

பக்கப் பார்வையைச் சரிசெய்ய ஒரு நடு வழி உண்டு. போகியின் பக்கச் சட்டத்தை மட்டும் வெளியே நகர்த்துவது. 2.74-இல் பாதி 1.37. ஒரு மி.மீ. பிளாஸ்டிக் தகடும் கால் மி.மீ. தகடும் ஒட்டி, அதன் மேல் சட்டத்தை ஒட்டினால் சட்டம் ஏறக்குறைய உடலின் ஓரத்துக்கு வந்து நிற்கும். போகியின் மேல் நிழல் விழும் இடம் மாறும், வண்டியின் கனமே வேறாகத் தெரியும். சக்கரம் உள்ளே ஒடுங்கி இருப்பது இருட்டில் மறைந்துவிடும். வளைவில் மட்டும் படிக்கட்டில் இடிக்கிறதா என்று பாருங்கள்.

ஒட்டும்போது போகியின் திசையைக் கவனியுங்கள். ட்ரைமவுண்டில் மூன்று அச்சும் சம இடைவெளியில் இருக்காது. ஒரு இடைவெளி பெரிது, ஒன்று சிறிது. கழற்றி மாட்டும்போது ஒன்றைத் திருப்பி மாட்டிவிட்டால் வெகு நாள் கழித்துத்தான் தெரியும். எனக்கு அப்படி ஆகியிருக்கிறது. கழற்றுவதற்கு முன்னால் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அகலப்பாதை எழுதியது:

அந்த நடு வழி எனக்குச் சம்மதமில்லை, ஆனால் தம்பிக்கு உதவும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். 1.37 வேண்டாம், 1.2-ஓடு நிறுத்துங்கள். முழுக்கத் தள்ளினால் சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரியும்.

மீட்டர்பாதை எழுதியது:

பாதை அகலப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். மீட்டர்கேஜுக்கு இந்தத் தொல்லையே இல்லை. 1,000-ஐ 87.1-ஆல் வகுத்தால் 11.5. கடையில் கிடைக்கும் 12 மி.மீ. பாதைக்கு அரை மி.மீ.தான் வித்தியாசம். நான் மீட்டர்கேஜ் டீசல் எஞ்சினான ஒய்டிஎம்4 செய்கிறேன். ஆறு சிலிண்டர், ஒல்லியான உடல், ஆல்கோவின் அதே ஜாடை. குன்னூரிலிருந்து ஊட்டிக்கு இதுவும் இழுத்திருக்கிறது. ஆல்கோவில் செய்தது ஒய்டிஎம்4, மான்ட்ரியலில் செய்தது 4ஏ. விழுப்புரம், திருச்சி, மதுரை என்று ராத்திரி முழுக்க இதன் பின்னால் ஜன்னலோரம் உட்கார்ந்து போனவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பார்கள். தனி இழை தொடங்குகிறேன், வாருங்கள்.

சுண்டுக்குளி எழுதியது:

தம்பி, நான் யாழ்ப்பாணம். எங்கட பக்கமும் பாதை 1,676 தான், அதாலே அகலப்பாதை அண்ணா சொல்லுற தலையிடி எனக்கும் உண்டு. நான் செய்வது எம்2 வகை டீசல் எஞ்சின், எண் 569, பெயர் ஒன்ராறியோ. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா தந்த ஜி12. அச்சுப்பாரம் குறைய வேணும் எண்டு ஏ1ஏ-ஏ1ஏ போகி (மூன்று அச்சிலே நடு அச்சுக்கு மோட்டார் இல்லாதது) போட்டுச் செய்தவை. இந்த வகைக்குக் கடையிலே உடல் கிடைக்காது, முழுவதையும் பிளாஸ்டிக் தகட்டிலே வெட்டிக் கட்டினேன்.

உங்கட அப்பா கேட்ட கேள்வியை நான் எனக்கே கேட்டுத்தான் தொடங்கினேன். யாழ்தேவியை இழுத்துக்கொண்டு காங்கேசன்துறைக்கு வர வேணும் எண்டால் 1990-க்கு முந்தின எஞ்சினாக இருக்க வேணும். அதுக்குப் பிறகு 2014 வரைக்கும் யாழ்ப்பாணத்துக்கு ரயிலே இல்லை. இப்ப வந்து போறதிலே எடுத்த படங்கள் எவ்வளவு வடிவாக இருந்தாலும் எனக்கு உதவாது. அதே எஞ்சின் இன்றைக்கும் நிற்கிறது, ஆனால் விளக்கு, நிறம், கம்பி எல்லாம் வேறை. அம்மம்மாவின் அல்பத்திலே கிடைத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம்தான் என்ர வரைபடம். ஸ்டேஷனிலே மாமா வெளிக்கிடும்போது எடுத்தது. எஞ்சினின் முன் பாதி மட்டும் தெரியும். அந்தப் பாதியிலே ஒரு படிக்கட்டு வளைந்து இருக்கு. அந்த வளைவையும் செய்திருக்கிறேன்.

மலைக்கோட்டை எழுதியது:

சுண்டுக்குளி அண்ணா, அந்த வளைந்த படிக்கட்டைப் படம் எடுத்துப் போடுங்கள், பார்க்க வேண்டும்.

இங்கே நிலவரம். களிமண் வைத்துப் பார்த்தேன். பின் கியர் பெட்டி மேல் காகிதமாக நசுங்கியிருந்தது, கரிப்புகை அண்ணன் சொன்ன அதே இடம். சுரண்டியதில் 0.9 இறங்கியது. மேடையை ராவி இன்னும் 0.7. இப்போது பஃபர் நடு 12.7, கூரை 48.2. மேஜையில் வைத்து எட்டி நின்று பார்த்தேன். ஒன்பது மாதம் பார்த்த வண்டி இது இல்லை. பூமியில் உட்கார்ந்திருக்கிறது.

கைப்பிடிக் கம்பியைப் பற்றி ஒரு கேள்வி. பிரிண்டோடு வந்த கம்பி வடாம் மாதிரி தடிமன், தொட்டால் உடைகிறது. எதில் செய்வது?

தட்டான் தெரு எழுதியது:

இதற்கு நான் பதில் சொல்கிறேன். அசல் கைப்பிடிக் குழாய் 32 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் எச்ஓவில் 0.37. கிடார் தந்தியில் அந்தத் தடிமன் கிடைக்கும், ஆனால் அது எஃகு, முறுக்கிக்கொண்டு நிமிரும், கூர்மையாக வளைக்க முடியாது. மின்சார ஒயரில் இருக்கும் செம்புக் கம்பி வளையும், ஆனால் விரல் பட்டாலே நெளியும். பித்தளைதான் சரி.

நகைப் பட்டறையில் கேளுங்கள். ஓட்டை ஓட்டையாக இருக்கும் இரும்புத் தட்டில் கம்பியைச் செருகி மறுபக்கம் குறடால் இழுப்பார்கள். ஒவ்வொரு ஓட்டையும் முந்தினதைவிடச் சிறிது. எங்கள் தெருவில் ஒரு பெரியவர் பித்தளைக் கம்பியை 0.4 வரை இழுத்துக் கொடுத்தார். இழுத்த கம்பி விறைப்பாக இருக்கும். வளைக்க வேண்டிய இடத்தை மட்டும் மெழுகுவர்த்தியில் லேசாகக் காட்டினால் இளகும். மீதி விறைப்பாகவே இருக்கட்டும், அதுதான் கம்பியை நேராக நிறுத்தும்.

துளைக்கு 0.4, 0.5 டிரில் பிட்டு சர்க்யூட் போர்டு சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும், சென்னையில் ரிச்சி தெருவில் வாங்கலாம். மோட்டாரில் மாட்டாதீர்கள், சூட்டில் ரெசின் இளகிப் பிட்டைக் கவ்விக்கொள்ளும். கைப்பிடியில் மாட்டி விரலால் உருட்டுங்கள். முதலில் ஊசியால் ஒரு புள்ளி குத்திக்கொண்டால் பிட்டு வழுக்காது. கைப்பிடியைத் தாங்கும் ஸ்டாஞ்சன் எல்லாம் ஒரே உயரத்தில் வர, ஒரு மரக்குச்சியை அந்த உயரத்துக்குச் சீவி, ஓரத்து நடைபாதையான ஃபுட்பிளேட்டில் வைத்துக்கொண்டு அதன் மேல் கம்பி படுகிறதா என்று பாருங்கள். கண்ணளவில் செய்தால் ஏழாவது கம்பியில் சாய்ந்துவிடும்.

மலைக்கோட்டை எழுதியது:

பட்டறைக்குப் போனேன். மூன்று மீட்டர் இழுத்துக் கொடுத்தார்கள். எதற்கு என்று கேட்டார்கள், சொன்னேன், காசு வாங்கவில்லை.

கம்பி நன்றாக வந்தது. ஆனால் ஒரு தப்பு செய்துவிட்டேன். கேபின் கண்ணாடியை மாட்டிய பிறகு உள்ளே டிரைவர் சீட்டைச் சூப்பர் குளூவால் ஒட்டி, மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் கண்ணாடி முழுக்க வெள்ளைப் பனி படர்ந்த மாதிரி. துடைத்தாலும் போகவில்லை. நான்கு கண்ணாடியும் போயிற்று.

கரிப்புகை எழுதியது:

பசையின் ஆவி மூடின இடத்தில் போக வழியில்லாமல் கண்ணாடியில் படிந்துவிடும். கண்ணாடி எப்போதும் கடைசி வேலை. ஒட்ட வெள்ளை மரப்பசை போதும், காய்ந்தால் தெரியாது, பிற்பாடு கழற்றவும் வரும். சட்டைப் பெட்டி மூடியில் வரும் ஒளிபுகும் தகட்டில் புதிதாக வெட்டிக்கொள்ளுங்கள். அதைக் கீறாமல் வெட்டப் புது பிளேடு வேண்டும்.

ஈரோடு சந்திப்பு எழுதியது:

பெயின்டுக்கு வந்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். அப்பாவின் 1993 போட்டோவில் இருக்கும் நிறத்தை அப்படியே நம்பாதீர்கள். அந்தக் காலத்துக் கலர் பிரிண்ட் வருஷம் ஆக ஆகச் சிவந்து போகும். நீலம் ஊதாவாகும், பச்சை பழுப்பாகும். போட்டோவில் நமக்கு நிச்சயமாகத் தெரிந்த நிறம் ஒன்றைத் தேடுங்கள். ஸ்டேஷன் பெயர்ப் பலகை இருந்தால் அதன் மஞ்சள். ஷெட் படம் என்பதால் பலகை இருக்காது, ஆனால் ஃபீட் பைப் காக்கின் வெள்ளை இருக்கலாம், யாராவது வெள்ளைச் சட்டை போட்டிருக்கலாம். அது எவ்வளவு சிவந்திருக்கிறது என்று பார்த்து, மற்ற நிறங்களிலும் அந்த அளவு சிவப்பை மனசுக்குள் கழித்துக்கொள்ளுங்கள். பிறகு அப்பாவிடம் இரண்டு மூன்று கலவையைத் தீக்குச்சியில் பூசிக் காட்டுங்கள். ஷெட்டில் அந்த டப்பாவைத் திறந்தவர்களுக்கு அந்த நிறம் மறக்காது.

அசல் நிறத்தை அப்படியே எச்ஓவில் அடித்தால் இருட்டாகத் தெரியும். சின்னப் பரப்பில் வெளிச்சம் குறைவாகத்தான் திரும்பும். பத்தில் ஒரு பங்கு வெள்ளை கலந்துகொள்ளுங்கள். ரெசினில் அடுக்கு வரி இருந்தால் 400-இல் தொடங்கி 800, 1200 வாட்டர் பேப்பர், தண்ணீர் விட்டு. பிரைமர் அடித்ததும் மறுபடி வரி தெரியும், மனசு தளர வேண்டாம், அதற்குத்தான் பிரைமர்.

அழுக்கை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தடவாதீர்கள். ஆல்கோ புகை விடுவதற்குக் காரணம் உண்டு. டிரைவர் நாட்ச் (வேகப் படி) ஏற்றியதும் டீசல் முதலில் போய்விடும், டர்போ சுழன்று காற்றைக் கொடுக்கச் சில நொடி ஆகும், அந்த இடைவெளியில் வருவதுதான் அந்தக் கரும்புகை. அது சிம்னியைச் சுற்றிக் கூரையில் கரியாகப் படியும், மழையில் கொஞ்சம் பக்கத்தில் வழியும். போகியில் கரி இல்லை, அங்கே வார்ப்பிரும்பு பிரேக் பிளாக்கின் துரு நிறத் தூள். டீசல் டேங்கில் நிரப்பும் வாய்க்குக் கீழே எண்ணெய் வழிந்த பளபளப்பு, மற்ற இடமெல்லாம் மங்கல். ரேடியேட்டர் பக்கம் தண்ணீர் வடிந்து காய்ந்த வெளிர் கோடு. வண்டியில் எது எங்கே வேலை செய்கிறது என்று தெரிந்தால் அழுக்கு எங்கே வரும் என்பதும் தெரியும். கேபினுக்கு அடுத்து ஜெனரேட்டர், பிறகு எஞ்சின், பிரேக்குக்குக் காற்றும் வெற்றிடமும் தரும் எக்ஸ்பிரஸர், கடைசியில் ரேடியேட்டரும் பெரிய ஃபேனும். எஞ்சின் ரூம் கதவுகளைத்தான் அடிக்கடி திறப்பார்கள். கைப்பிடியைச் சுற்றி விரல் பட்ட எண்ணெய் அங்கேதான் அதிகம்.

தட்டான் தெரு எழுதியது:

கூரைக் கரிக்கு வீட்டில் இருக்கும் அடுப்புக்கரியை இழைத்து மெல்லிய துணியில் சலித்துப் பயன்படுத்துகிறேன். கடைப் பொடியைவிட நன்றாக ஒட்டுகிறது. மேட் வார்னிஷ் அடித்த பிறகு தடவுங்கள், முதலில் தடவினால் வார்னிஷ் அதை விழுங்கிவிடும்.

மலைக்கோட்டை எழுதியது:

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். முடிந்தது.

இறக்கிய உடல். பக்கச் சட்டம் 1.2 வெளியே, அகலப்பாதை அண்ணன் சொன்னபடி. ஒற்றை ஹெட்லைட். வாக்குவம் ஹோஸும் ஏர் ஹோஸும் சேர்த்து, ஏனென்றால் போட்டோவைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது அப்பாவின் முழங்காலுக்குப் பக்கத்தில் மெல்லிய ஹோஸ் தெரிந்தது. அப்பாவுக்கு வருஷம் நினைவிருந்தது. அந்த வண்டிக்கு ஏர் பிரேக் போட்டபோது பைப் வேலை பார்த்ததே அவருடைய கேங்தானாம். நிறத்துக்குத் தீக்குச்சி ஆறு பூசிக் காட்டினேன். ஐந்தாவதை எடுத்து வெளியே வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "இதுதான், ஆனா புதுசா அடிச்ச அன்னிக்கு" என்றார். அதில் கொஞ்சம் சாம்பல் கலந்தேன்.

மறைந்த இரண்டு இலக்கம் கிடைக்கவில்லை. படத்தில் இருக்கும் ஐந்து பேரில் மூன்று பேர் இப்போது இல்லை. மீதி ஒருவரின் போன் நம்பரை அப்பா தேடிக்கொண்டிருக்கிறார். அது வரை பக்கவாட்டில் எண் இல்லாமல்தான் நிற்கிறது, முன்பக்கம் மட்டும் தெரிகிற மூன்று இலக்கம்.

நேற்று மறுபடி மேஜையில் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். பேசவில்லை. பிறகு வாக்குவம் ஹோஸைச் சுட்டி, "இது சும்மா தொங்காது. மாட்டாத நேரத்துல டம்மியில செருகி வைப்போம், இல்லேன்னா தூசி உள்ளே போகும்" என்றார். என்னுடையது நேராகத் தொங்குகிறது.

டம்மி பஃபர் பீமில் எந்தப் பக்கம், எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்று தெளிவாகத் தெரியும் படம் யாரிடமாவது இருக்கிறதா? 1993-ஐ ஒட்டியதாக இருந்தால் நல்லது.

ஈரோடு சந்திப்பு எழுதியது:

இருக்கிறது. 1991, ஜோலார்பேட்டை, பிளாட்பார்மிலிருந்து எடுத்தது. டம்மியில் செருகியதும் ஹோஸ் எப்படி வளைகிறது என்பது நன்றாகத் தெரியும். ஸ்கேன் பண்ணி ராத்திரி போடுகிறேன்.